பழைய விசைப்படகின் டெக்கை ஃபைபர் பலகையால் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் கரைகளில் ஓடும் மரத்து விசைப்படகுகளை மனதில் வைத்து எழுதியது. கணக்குகள் எல்லாம் 40 அடி நீளமும் 13 அடி அகலமும் உள்ள படகுக்கு. கேபினும் ஹேட்ச் வாய்களும் (கீழறைக்கு இறங்கும் திறப்புகள்) போக டெக் (மேல்தளம்) பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். உங்கள் படகு வேறு அளவு என்றால், சதுர மீட்டர் கணக்கை எடுத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஃபைபர் பலகை, அதாவது காம்போசிட் பலகை என்று எதைச் சொல்கிறீர்கள்?

மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் கனம் இல்லாத ஃபோம். மிதிக்கும்போது மேல்தோல் அழுத்தத்தையும் கீழ்த்தோல் இழுப்பையும் வாங்கும். நடுவில் இருப்பது இரண்டையும் விலக்கிப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போனால் பலகை வெறும் தகடாகிவிடும். டெக் கெடுவதற்கான காரணங்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன. ஒட்டு விடுவதற்குக் காரணம், ஏதோ ஒரு ஓட்டை வழியாகவோ ஓரம் வழியாகவோ உள்ளே போன தண்ணீர். அதனால் எந்தக் கம்பெனி ஃபோம் என்று அலைவதைவிட, ஓட்டையையும் ஓரத்தையும் எப்படி அடைக்கப்போகிறோம் என்று ஓடாவியோடும் (படகு கட்டும் தச்சர்) ஃபைபர் மேஸ்திரியோடும் முதலில் பேசி முடியுங்கள்.

டெக் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

சிறு சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'டங்' என்று பேசும், உளுத்தது 'தொப்' என்று அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசி 5 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை போச்சு. கீழே இறங்கி, பீம்களின் (டெக்கைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) இரண்டு முனைகளையும், அவை பக்கப் பலகையில் உட்காரும் இடத்தையும் அதேபோல் குத்திப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஐஸ் அறையைச் சுற்றியுள்ள பகுதி. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு உயிர். ஐஸ் உருகி வடியும் தண்ணீரும், ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரும் பலகை இடுக்கில் தங்கும் இடத்தில்தான் மரம் மாவாகும். தினமும் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பின்பக்க டெக் தேய்ந்திருந்தாலும் பெரும்பாலும் உளுத்திருக்காது.

கால்வாசிக்குக் குறைவாகக் கெட்டிருந்தால் பலகை மாற்றிக் கலப்பத்து (பலகை இடுக்கை அடைக்கும் வேலை) அடித்தால் போதும். ஐஸ் அறையைச் சுற்றிலும் போய், பீம் முனைகளும் போயிருந்தால் முழு மாற்றம்தான் கணக்குக்குக் கட்டும்.

பழைய பலகை மேலேயே இரண்டு மேட் (வெட்டிய கண்ணாடி இழை விரிப்பு) ஃபைபர் அடித்துவிட்டால் செலவு குறையுமே?

குறையும். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கினால் அதிசயம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. அதனால் ஒவ்வொரு பலகை இடுக்குக்கும் நேர் மேலே கோடு போட்டதுபோல் விரிசல் வரும். இழைகளைச் சேர்த்து இறுக்கும் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்) மரத்தில் சரியாகப் பிடிக்காது, எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் இன்னும் மோசம். விரிசல் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் திரும்பி ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே நின்று, மிச்ச மரத்தையும் தின்றுவிடும். டெக்கின் எடையும் கூடும். இந்த வேலைக்குப் பணம் போடாதீர்கள்.

நடுவில் என்ன வைப்பது? தெர்மோகோல் வைக்கலாமா?

தெர்மோகோல் வேண்டாம். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் அது கரைந்து காணாமல் போகும்.

ஐஸ் பெட்டிக்குப் போடும் மஞ்சள் பி.யு. ஃபோம் கரையாது, ஆனால் மிதி தாங்காமல் தோலுக்கு அடியில் பொடியாகும். டெக்குக்கு உகந்தது கண்ணறை மூடிய பி.வி.சி. ஃபோம், 20 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி. போர்டு (வலை வாயை விரிக்கும் பலகை) இறக்கும், மடி (மீன் சேரும் வலைப்பை) கொட்டும் பின்பக்கத்துக்கு மட்டும் 100 முதல் 130 கிலோ அடர்த்தியில் வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் தேன்கூடு பலகை விலை குறைவு, கேபின் சுவருக்கும் கூரைக்கும் நல்லது. சித்திரை வெயிலில் சுடும் டெக்கில் சுமையோடு நிற்க அது எங்கள் தேர்வு அல்ல.

ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை நடுப்பொருளாக வைப்பவர்களும் உண்டு. பலமானதுதான். ஆனால் 19 மி.மீ. பிளைவுட் மட்டுமே சதுர மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் வரும், தண்ணீர் புகுந்தால் அதுவும் உளுக்கும். வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்), கேலோஸ் (வலை வடத்தைத் தாங்கும் சட்டம்) கால்களுக்கு அடியில் மட்டும் பிளைவுட், மற்ற இடமெல்லாம் ஃபோம் என்பது நல்ல ஏற்பாடு.

எந்த ரெசின்?

தோலுக்கு ஐசோ பாலியெஸ்டர். சாதாரண ஜி.பி. ரெசின் தண்ணீரில் கொப்புளம் விடும். மரத்தில் ஒட்ட வேண்டிய இடங்களுக்கு எப்பாக்சி; பலகை பீமில் உட்காரும் இடத்துக்கு மட்டும் சீலன்ட், அது பின்னால் வரும். இரண்டையும் கலந்து வேலை செய்யும்போது ஒரு வரிசை உண்டு: காய்ந்த பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி போடலாம், எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் போட்டால் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். எப்பாக்சியோடு சாதாரண மேட்டும் சேராது. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லை. அங்கே ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) அல்லது தைத்த துணி போடுங்கள்.

எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

கீழ்த்தோல்: 450 மேட், 600 ரோவிங், 450 மேட் (எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது). மேல்தோல்: மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட். மேட் தன் எடையைப் போல் இரண்டே கால் மடங்கு ரெசின் குடிக்கும். ரோவிங்குக்குச் சம எடை போதும். ஃபோமின் இரண்டு முகமும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோ இழுக்கும்.

அந்தக் கணக்கில், மூட்டு, ஓரம், சேதம் எல்லாம் சேர்த்து 30 சதுர மீட்டருக்கு:

450 மேட் 80 கிலோ
600 ரோவிங் 63 கிலோ
ஐசோ ரெசின் 280 கிலோ (ஒரு டிரம்மும் மூன்று சிறு கேன்களும்)
கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 4 கிலோ
20 மி.மீ. ஃபோம், 8 அடிக்கு 4 அடி அளவில் 12 தாள்
பாலியூரிதேன் சீலன்ட், 600 மி.லி. குழல் 30
316 தர ஸ்டெயின்லெஸ் திருகு 5×50 மி.மீ., வாஷரோடு 500

முடித்த டெக் பெயின்ட், மணல் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 14 முதல் 15 கிலோ வரும். ஒன்றரை அங்குல அயினிப் பலகை காய்ந்த நிலையிலேயே 22 முதல் 24 கிலோ. ரெசினை மொத்தமாக வாங்கிக் கரையில் வெயிலில் வைக்காதீர்கள். டிரம்முக்குள்ளேயே கட்டியாகிவிடும்.

டெக்கைப் பிரித்தால் படகு விரிந்துவிடாதா?

விரியும். டெக்கும் பீமும்தான் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிரிக்கும் முன் அணியத்துப் பக்கம் (முன்பக்கம்), நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் அளந்து, கேபின் சுவரில் எழுதி வையுங்கள். டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கருவி) உள்ள கம்பியோ சங்கிலியோ கொண்டு மூன்று இடத்திலும் குறுக்கே கட்டுங்கள். கரையேற்றிய படகுக்கு ஏராவின் (படகின் நீள அடிக்கட்டை) அடியில் கட்டைகள் நேர்மட்டமாக இருக்க வேண்டும். ஏரா தொய்ந்த நிலையில் புது டெக் ஏறினால் அந்தத் தொய்வு அப்படியே நிலைத்துவிடும், பிறகு இன்ஜின் அலைன்மென்ட் நிற்காது.

பீம் மாற்றும்போது ஒன்று விட்டு ஒன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றச் சொல்லும் ஆசாரியிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பீமில் எது தேறும், எது தேறாது?

முனை மட்டும் போனது என்றால், பக்கத்தில் புது மரம் ஒட்டி, 12 மி.மீ. கால்வனைஸ் போல்ட்டால் கட்டலாம். புது மரம் நல்ல பகுதியில் குறைந்தது 2 அடி ஏறி நிற்க வேண்டும். நடுவில் போயிருந்தால் பீமையே மாற்றுங்கள். இடைவெளி 450 மி.மீ.க்கு மேல் இருந்தால் நடுவே ஒன்று கூட்டுங்கள். பலகை தாங்கினாலும், 50 கிலோ ஐஸ் பார் விழும் இடத்தில் அது துள்ளும். துள்ளத் துள்ள ஒட்டு விடும்.

மரம் காய்வதற்கு முன் எப்பாக்சியும் வேண்டாம், சீலன்ட்டும் வேண்டாம். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றாட விட்டு, ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு தொடுங்கள். உப்பு படிந்த மரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கையால் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது.

டெக்குக்கு வளைவு உண்டே. நேரான பலகை எப்படி உட்காரும்?

இரண்டு தோலும் போட்டு முடித்த பலகை வளையாது. அதனால் பாதியைத் தரையிலும் பாதியைப் படகிலும் செய்ய வேண்டும்.

சன்மைக்கா ஒட்டிய மேசையில் மூன்று கை மெழுகு தடவி, கீழ்த்தோலின் மூன்று அடுக்கையும் போடுங்கள். கடைசி மேட் ஈரமாக இருக்கும்போதே ஃபோமை வைத்து அழுத்த வேண்டும். ஃபோமில் 100 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. ஓட்டைகள் போட்டிருக்க வேண்டும், அடியில் சிக்கிய காற்று வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான். ஃபோமின் முகத்தில் முதலில் ரெசின் தடவிக்கொள்ளாவிட்டால், அது மேட்டில் இருக்கும் ரெசினை உறிஞ்சி ஒட்டைப் பட்டினி போடும். மேலே பிளாஸ்டிக் விரித்து மணல் மூட்டைகளை நெருக்கி அடுக்குங்கள். ஓட்டைகள் வழியாக ரெசின் எட்டிப் பார்த்தால் ஒட்டு சரி.

மறுநாள் கழற்றினால், ஒரு பக்கம் மட்டும் தோல் உள்ள பலகை. நீளவாக்கில் வைத்தால் 4 அடி அகலத்துக்குள் வரும் வளைவு 7, 8 மி.மீ.தான். கையால் அழுத்தித் திருகு போட்டாலே பீமோடு படிந்துவிடும். மேல்தோலைப் படகிலேயே, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே போர்வையாக அடிக்கலாம். டெக்கின் மேல் ஒரு மூட்டும் இராது.

பலகையைப் பீமில் எதால் பிடிப்பது?

மரப்படகு ஓடும்போது முறுகிக்கொண்டே இருக்கும். அதில் விறைப்பான எப்பாக்சி பட்டி ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துவிடும். பீமின் மேல் பிரைமர் தடவி, 60 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் வரும்படி பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். ஃபைபர் படகாக இருந்தால் கதை வேறு. அங்கே பலகையைப் பக்கச்சுவரோடு மேட் போட்டே இணைக்கலாம்.

திருகு போடும் இடத்தில் 30 மி.மீ. வட்டத்துக்கு ஃபோமைத் தோண்டி எடுத்து, கீழ்த்தோலின் மேல் வாஷர் வைத்து முடுக்கி, குழியை ரெசின் பட்டியால் நிரப்பிச் சமன் செய்யுங்கள். பீம்களில் 200 மி.மீ.க்கு ஒன்று, ஓரத்தில் 150 மி.மீ.க்கு ஒன்று. சீலன்ட் முழுவதும் பிதுங்கி ஓடும் அளவுக்கு முடுக்காதீர்கள், அந்த 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். பலகைகளின் குறுக்கு மூட்டு பீமின் மேலேயே விழ வேண்டும்.

பிறகு ஃபோம் முகத்தைத் தேய்த்து, ரெசின் தடவி, மேல்தோல். முதல் நாள் மூன்று அடுக்கு, 24 மணி நேரத்துக்குள் மீதி இரண்டு. தாமதமானால் கிரைண்டரால் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு. மேட் ஓரங்கள் 75 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். கடைசிப் பூச்சு ரெசினில் மெழுகுக் கரைசல் கலக்காவிட்டால் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஓரம் எப்படி முடிப்பது? வங்குக்கால் (படகின் விலாக் கட்டை) தலைகள் டெக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றனவே?

மொத்த வேலையில் நேரம் அதிகம் தின்பது இதுதான், தின்னட்டும்.

பக்கப் பலகைக்கு 100 மி.மீ. முன்பே ஃபோமை நிறுத்தி, 60 மி.மீ. சரிவாகச் சீவி, இரண்டு தோலும் ஒன்றுசேர்ந்து கெட்டியான ஃபைபராக ஓரத்தில் முடியும்படி செய்யுங்கள். ஓரத்தில் ஃபோம் வெளியே தெரிந்தால் என்றாவது ஒருநாள் அதில் தண்ணீர் நிற்கும்.

வங்குக்கால் ஒவ்வொன்றையும் சுற்றிப் பலகையில் 10 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். கால் அசையும், பலகையை அது உரசக் கூடாது. சுற்றிலும் 75 மி.மீ. உயரத்துக்கு ஃபைபர் வளையம் கட்டி, டெக்கோடு மேட் போட்டு இணைத்து, இடைவெளியின் அடியில் கயிறு திணித்து மேலே சீலன்ட் நிரப்புங்கள். காலோடு நேரடியாக மேட் அடித்தால், முதல் பெரிய அலையில் அந்த மூட்டு கீறிவிடும். காலின் மேல்முனை வெட்டுமுகத்தை எப்பாக்சியால் மூடுங்கள். அங்கே மழைத் தண்ணீர் இறங்கினால் வளையம் கட்டியும் பயன் இல்லை.

இன்னொன்று: பழைய பலகை 38 மி.மீ., புதியது சீலன்ட்டோடு 30. டெக் 8 மி.மீ. இறங்கும். பக்கச்சுவரில் தண்ணீர் வழியும் ஓட்டைகளின் அடிவிளிம்பு பழைய மட்டத்திலேயே இருந்தால், அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கும். விளிம்பை அந்த அளவுக்கு வெட்டி இறக்குங்கள், அல்லது பீமின் மேல் பட்டை வைத்து ஏற்றுங்கள்.

வின்ச், கேலோஸ் எல்லாம் ஃபோம் மேல் நிற்குமா?

நிற்காது, நிறுத்தவும் கூடாது. கால்தட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 150 மி.மீ. வரும்படி ஃபோமை எடுத்துவிட்டு, 19 மி.மீ. மரைன் பிளைவுட்டை ஆறு முகத்திலும் எப்பாக்சி குடிக்க வைத்துப் பதியுங்கள். எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் பிடிக்காது என்பதால், இந்தத் திட்டுக்கு மேல் வரும் தோலையும் எப்பாக்சியும் ரோவிங்குமாகவே போட்டு, சுற்றியுள்ள தோலின் மேல் 100 மி.மீ. ஏற்றுங்கள். வின்ச்சின் இழுப்பைப் பலகை தாங்கக் கூடாது. போல்ட், டெக்கின் கீழே பீமுக்குப் பீம் போட்ட கனமான கட்டையில் இறங்கி, 10 மி.மீ. இரும்புத் தட்டில் முடிய வேண்டும். அந்தக் கட்டையிலிருந்து இன்ஜின் பெட் வரை தாங்குகால் வேண்டும்.

போல்ட் ஓட்டை: 16 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 26 மி.மீ. துளை. அதில் எப்பாக்சியும் சிலிக்கா பவுடரும் வெட்டிய ஃபைபர் இழையும் கலந்த பட்டியை நிரப்பி, மறுநாள் அதன் நடுவில் 16 மி.மீ. துளை. போல்ட்டைச் சுற்றி எப்போதும் கெட்டியான எப்பாக்சிதான் இருக்கும். கிளீட், ரோலர், கைப்பிடி, ஆன்டெனா கம்பம் என்று பின்னால் எது பூட்டினாலும் இதே முறை. புது டெக்கில் எலக்ட்ரீஷியன் ஒயருக்காகப் போடும் ஒரு ஓட்டை போதும், சுற்றிலும் ஒட்டு விட.

ஹேட்ச் வாய்?

ஃபோம் ஓரத்தை 20 மி.மீ. உள்ளே தோண்டிப் பட்டியால் அடைத்து, விளிம்புச் சட்டத்தின் மேல் மேட்டை ஏற்றி உள்பக்கம் வரை இறக்குங்கள். மூலைகளைச் சதுரமாக வெட்டாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். 75 மி.மீ. ஆரத்தில் வளையுங்கள்.

கேட்டலிஸ்ட் எவ்வளவு? வெயிலில் சட்டென்று இறுகிவிடுகிறதே?

ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம், அதாவது 1 சதவீதம். 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இறுகுவது தாமதமாகட்டும் என்று 1 சதவீதத்துக்குக் கீழேயும் போகாதீர்கள். பார்ப்பதற்குக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே என்றைக்கும் பச்சையாகவே நிற்கும். வேகத்தைக் குறைக்கக் கோபால்ட்டைக் (இறுகுவதை முடுக்கும் திரவம்) குறைக்க வேண்டும். வாங்கும் ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் காலை 6 முதல் 10 வரை, பிறகு மாலை 4-க்கு மேல். மேலே தார்ப்பாய்ப் பந்தல் அவசியம். ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வாளியில் குவிந்த ரெசின் தன் சூட்டிலேயே புகையும். கச்சான் காற்று மணலை அள்ளி வரும் நாளில் மேற்குப் பக்கம் தடுப்புக் கட்டாமல் ஈர ரெசினைத் திறந்து வைக்க வேண்டாம். அதிகாலைப் பனி ஈரம் பலகையில் இருந்தால் துணியால் துடைத்து, அசிட்டோன் போட்டு, அது ஆறிய பிறகே தொடங்குங்கள்.

ஆபத்து எது எதில்?

கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே அளவுக் குவளையையும் பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்; உடனே 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை. கண்ணாடி போடாதவர் கேனைத் திறக்கக் கூடாது.

ஐஸ் அறைக்குள் ரெசின் வேலை என்றால் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் வேண்டும், மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும். டீசல் டேங்க் மேலிருக்கும் பழைய டெக்கைக் கிரைண்டரால் அறுக்காதீர்கள். டேங்கைக் கழற்றி இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

வழுக்காமல் இருக்க?

கடற்கரை மணல் வேண்டாம், அதில் உள்ள உப்பு பெயின்டுக்கு அடியில் கொப்புளம் விடும். கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்று மணல் அல்லது சிலிக்கா மணல், குருணை 1 மி.மீ.க்குள். ஈரப் பூச்சின் மேல் தாராளமாகத் தூவி, மறுநாள் மிச்சத்தைப் பெருக்கிவிட்டு இரண்டு கை மேல்பூச்சு. தண்ணீர் ஓடும் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மணல் தூவாமல் விடுங்கள், செதிலும் கழிவும் தங்காது. நிறம் வெள்ளை, சாம்பல், சந்தனம். கரும்பச்சையும் கருநீலமும் பகல் வெயிலில் கொதித்து ஃபோமை இளக்கும்.

எடை குறைந்தால் படகு அதிகமாக ஆடுமா?

மேலிருந்து 250 கிலோ போல் குறைகிறது. படகு முன்பைவிட வேகமாக நிமிரும், சில நாளில் கால் பழகிவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: எடைதான் மிச்சமாயிற்றே என்று கேபினை உயர்த்துவதும், அதன் கூரையில் டேங்க் ஏற்றுவதும். அது கிடைத்த நன்மையைத் திருப்பி வாங்கிவிடும்.

துறைக்குச் சொல்ல வேண்டுமா?

நீளம், அகலம், கேபின் உயரம், இன்ஜின் எதுவும் மாறினால் தொடங்கும் முன்பே மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டெக் பொருள் மட்டும் மாறினாலும் காப்பீடு உள்ளவர்கள் கம்பெனிக்குத் தெரிவித்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வைத்துக்கொள்வது நல்லது. பதிவெண் அழிந்திருந்தால் கடலுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

தடைக்காலத்துக்குள் முடியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முடியும், ஆனால் பொருள் ஏப்ரலுக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு வாரம், மரம் காய்ந்து பீம் வேலை முடிய மூன்று வாரம். அந்த நேரத்திலேயே கரையில் பலகைகள் தயாராகிவிடும். பதிக்கவும் மேல்தோல் போடவும் பத்து நாள், ஓரமும் பூட்டு வேலையும் பெயின்டும் இரண்டு வாரம். கடைசி ஒரு வாரம் ரெசின் முழுதாக இறுகுவதற்கு. அப்போது வின்ச் ஏற்ற வேண்டாம், ஐஸ் ஏற்ற வேண்டாம். கோடை மழை வந்தால் இழப்பது காய்கிற வாரங்களைத்தான். அதனால் பந்தலில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பிறகு என்ன கவனிப்பு?

ஐஸ் பாரை டெக்கில் வைத்து இரும்புக் கம்பியால் உடைக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு மரப் பலகை போடுங்கள். போர்டு விழும் இடத்தில் தேய்ந்தால் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் அல்லது மரப் பட்டைகளைச் சீலன்ட்டில் பதியுங்கள்.

மாதம் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறிய இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அடுத்த மாதம் வட்டம் பெரிதாகிறதா பாருங்கள். பெரிதானால் மேல்தோலை வட்டத்தைத் தாண்டி வெட்டி எடுத்து, நனைந்த ஃபோமை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, புது ஃபோம் பதித்துச் சுற்றிலும் 100 மி.மீ. சரிவாகத் தேய்த்து மேட் போட வேண்டும். அதற்கு முன் தண்ணீர் எந்த ஓட்டை வழியாக வந்தது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது இரண்டடிக்குள் உள்ள ஏதோ ஒரு திருகாக இருக்கும்.